கோடைக் கோடு

மாலை ஐந்தரை மணி. பிப்ரவரிக் கடைசி. லாப்ரடார் கரையில் அந்த நேரத்துக்கே வானம் சாம்பல் பூத்துவிடும். உறைந்த கடல்மேல் ஒற்றைப் பனிவண்டித் தடம்... முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. அந்தத் தடத்தின் நுனியில்தான் ஜெத்ரோ வந்துகொண்டிருந்தான்.

கிட்ட வாங்க கண்ணுகளா. அடுப்புப் பக்கம் இன்னும் இடம் இருக்கிறது. அந்தச் சின்னவளை நடுவில் உட்கார வையுங்கள், ஓரத்தில் வேண்டாம். கேட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று என்னைத் திட்டக் கூடாது. வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்... சரி.

என் சிநேகிதி வெர்னாவின் வீட்டுக்காரனுக்கு நடந்தது இது. அவன் பெயர் ஹூபர்ட். ஸெல்பி குடாவில் அவனைவிட நன்றாகப் பனிவண்டி ஓட்டுகிறவன் இல்லை என்பார்கள். அவனும் அதைத்தான் சொல்வான், கேட்காமலேயே.

குடாவின் மேல்கோடியில் அவனுக்கு ஒரு கேபின் இருந்தது. ஊரிலிருந்து அங்கே போகிற பாதையில், நடுவழியில், இரண்டு பக்க நிலமும் நெருங்கி வந்து கடலின் கழுத்தைப் பிடிக்கும். அந்தக் குறுகலில் ஓதம் ஏறி இறங்குகிற வேகத்தில் தண்ணீர் உருண்டு புரண்டு ஓடும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதனால் அதை ராட்டில் என்பார்கள். எவ்வளவு குளிர் அடித்தாலும் ராட்டில் ஒழுங்காக உறையாது.

கோடையில் படகு ராட்டிலின் நடுவே போகும். ஆழம் அங்கேதான். குளிர்காலத்தில் யாரும் அங்கே போக மாட்டார்கள். அதற்கு முன்னாலேயே கரையேறி, ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் மறுபடி பனியில் இறங்குவார்கள்.

இப்போதெல்லாம் ஒவ்வொருவர் மார்பிலும் கயிறு கட்டி ஒரு ஜிபிஎஸ் கைக்கருவி தொங்குகிறதே... அதில் போய்வந்த வழியெல்லாம் கோடாகப் பதிந்து கிடக்கும். படகில் போனதும் கோடுதான். பனிவண்டியில் போனதும் கோடுதான். இரண்டுக்கும் ஒரே நிறம். எது தண்ணீர்க் கோடு, எது பனிக் கோடு என்று பதிந்தவனுக்குத்தான் தெரியும். ஹூபர்ட்டின் கருவியில் இரண்டும் 'கேபின்' என்ற பெயரிலேயே இருந்தன. அவனுக்குக் குழப்பம் வராது. கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடிய வழி.

ஜெத்ரோ அவனுடைய தங்கை புருஷன். ஒண்டாரியோக்காரன். ஊர் மின்நிலையத்தில் டீசல் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ள வந்தவன். வந்த இடத்தில் ட்ரிஃபீனாவைப் பார்த்தான், கட்டிக்கொண்டான்.

ட்ரிஃபீனாவை வளர்த்தவன் ஹூபர்ட். அம்மா போனபோது அவளுக்கு பூட்ஸ் கயிறு கட்டத் தெரியாது. குனிந்து உட்கார்ந்து கட்டிவிட்டவன் இவன்தான். அதனாலேயே அவள் கால் எங்கே போக வேண்டும் என்பதும் தன் பொறுப்பு என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

ஜெத்ரோ அப்படித் தனியாக வந்தது ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய நாள் அவள் அண்ணனிடம் வந்து சொன்னாள். "ஜூன்ல மொதக் கப்பல் வந்ததும் கெளம்புறோம் அண்ணே. அவங்க ஊருக்கு. ஒரேயடியா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அவர் வீடு அங்க இருக்கு."

"ஓஹோ," என்றான். வெளியே போய் விறகு பிளந்தான். தேவைக்கு மேல் பிளந்தான் என்று வெர்னா சொன்னாள். இருட்டிய பிறகும் கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

மறுநாள் காலை. வெர்னாவின் சமையலறை. எண்ணெயில் பொரித்த மாவு ரொட்டி, மேலே வெல்லப்பாகு மாதிரி மொலாசஸ், புகைபோட்ட மீன். ஹூபர்ட், அவன் கூட்டாளி வின்ஸ்லோ, ஜெத்ரோ, ட்ரிஃபீனா, எல்லோரும் மேசையைச் சுற்றி. ஹூபர்ட்டும் வின்ஸ்லோவும் காலையிலேயே கேபினுக்குக் கிளம்புவதாகவும், ஜெத்ரோ மின்நிலைய வேலை முடிந்து மாலையில் தனியாக வந்து சேர்வதாகவும் ஏற்பாடு. ஞாயிறு முழுக்கப் பனியில் துளைபோட்டு மீன் பிடிக்கலாம் என்று.

"தனியாவா?" என்றான் வின்ஸ்லோ. "மாப்ளேக்கு முன்னால ஒரு வால்விளக்கு வேணுமே. போன வாரம் மேட்டுல வண்டிய சாய்ச்சுப் போட்டு அதுக்குப் பக்கத்துலயே படுத்துக் கெடந்தானாமே? அடுத்த தடவ சொல்லியனுப்பு மாப்ளே, எங்க அத்தை வீட்ல சும்மாதான் இருக்கா. வந்து தூக்கிவிடுவா."

"அனுப்பி வைங்க," என்றான் ஜெத்ரோ, ரொட்டியை மென்றுகொண்டே. "உங்களவிட அவங்க நல்லா ஓட்டுவாங்கன்னு ஊரே சொல்லுது."

வெர்னா சிரித்தாள். வின்ஸ்லோவே சிரித்தான். ட்ரிஃபீனா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமிக்கொண்டே புருஷன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஹூபர்ட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்," என்றான் ஜெத்ரோ, "உங்க வழியை என் மெஷினுக்கு அனுப்பி விடுங்களேன். இவ்ளோ நாளும் உங்க பின்னாலயே வந்துட்டேன், வழி மனசுல நிக்கல. கோடு இருந்தா வந்துடுவேன்."

கேட்பதில் அவனுக்கு வெட்கம் இல்லை. நல்ல பிள்ளை கண்ணுகளா, அது ஒன்றுதான் அவன் குற்றம்.

இரண்டு கருவிகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கையெட்டுகிற தூரத்தில் இருந்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி போகும். ஹூபர்ட் பட்டியலைத் திறந்தான். கேபின். கேபின். இரண்டு பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. அவன் கட்டைவிரல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது...

பிறகு கோடைக் கோட்டின்மேல் இறங்கியது.

தெரிந்தேதான். அவன் வாயாலேயே பின்னால் வெர்னாவிடம் சொன்னான். என்ன நினைத்தானாம் தெரியுமா? பையன் ராட்டில் ஓரம் வரை வருவான், கறுப்புத் தண்ணீர் ஆவி விடுவதைப் பார்ப்பான், வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குள் ஊர் முழுக்கச் சிரிக்கும். தான் எப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்டோம் என்று தங்கச்சிக்கும் தெரியும். அவ்வளவுதான் நினைத்தானாம். அதற்கு மேல் நினைக்கவில்லையாம்.

அந்த 'அதற்கு மேல்' எங்கே தொடங்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஆனால் அந்த வாரம் கடுங்குளிர். ராட்டில்மேல் மெல்லிசாக ஆடை கட்டியிருந்தது. அதன்மேல் இரண்டு நாள் பனி விழுந்திருந்தது. கறுப்பே தெரியாது. எல்லாம் வெள்ளை. வழவழவென்று, பார்த்துப் பார்த்து விரித்த படுக்கை மாதிரி.

காலையில் ராட்டிலைத் தாண்டி மேட்டில் போகும்போது ஹூபர்ட் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போனான்.

இருட்டிவிட்டது. கேபினில் அடுப்பு எரிந்தது. வின்ஸ்லோ அவரைக்கொட்டையும் பன்றிக்கறியும் தின்றுவிட்டு, பெஞ்சில் மல்லாந்து குறட்டை விட்டான். ஹூபர்ட் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டமாகப் போகிறவர்கள் கருவிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து வைப்பார்கள். அப்படிச் சேர்த்தால் ஒவ்வொருவர் இருக்கிற இடமும் மற்றவர் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும், பக்கத்தில் பெயரோடு. ஜெத்ரோவின் புள்ளி ஊரிலிருந்து கிளம்பியிருந்தது. மெதுவாக வந்தது. ஒழுங்காக வந்தது. கோட்டைவிட்டு ஒரு சாண் விலகவில்லை. காலைத் தடத்தையெல்லாம் காற்று மூடியிருந்ததால் அவனுக்குக் கோடு ஒன்றுதான் துணை.

வாக்கி-டாக்கி அலமாரியில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

புள்ளி கரையேற வேண்டிய இடத்துக்கு வந்தது. ஏறவில்லை.

இப்ப திரும்புவான், என்று ஹூபர்ட் நினைத்தான்.

திரும்பவில்லை. முனையைச் சுற்றியது. குறுகலுக்குள் நுழைந்தது. வெளியே காற்று கூரைத் தகரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தது... அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. அந்தச் சத்தத்தில் வின்ஸ்லோ விழித்துக்கொண்டான்.

"எங்கடா வந்துட்டான் மாப்ளே?"

வின்ஸ்லோ எழுந்து வந்து அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.

"டேய். டேய்... இவன் ஏன்டா இங்க வர்றான்? ராட்டில்டா அது!"

"தண்ணியப் பாத்தா திரும்பிடுவான்."

"என்னடா பாப்பான்? எல்லாம் மூடிக் கெடக்கு, காலைல நீ பாக்கல?"

வின்ஸ்லோ பாய்ந்து வாக்கி-டாக்கியை எடுத்தான். பொத்தானை அழுத்தி ஜெத்ரோ, ஜெத்ரோ என்று கத்தினான். திரையில் புள்ளி ராட்டிலின் நடுவுக்கு வந்தது. நின்றது.

அணையவில்லை. நின்றது. அதே இடத்தில் மினுக் மினுக் என்று.

இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். குறுகலின் விளிம்பில் இறங்கி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பனியைக் கோடரியால் தட்டித் தட்டி முன்னேறினார்கள். முதலில் பெட்ரோல் வாடை வந்தது. அப்புறம் ஓட்டை தெரிந்தது. வண்டி அகலத்துக்கு, ஓரமெல்லாம் பல்பல்லாக. உள்ளே தண்ணீர் கொஞ்சம்கூடச் சத்தம் போடவில்லை. எப்போதும் கலகலத்துக்கொண்டே இருக்கிற ராட்டில், தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்ட மாதிரி.

அப்போதுதான் வெளிச்சத்தைப் பார்த்தார்கள்.

பனிக்கு அடியில். பச்சையாக. நெற்றியில் மாட்டிக்கொள்கிற விளக்கு, தண்ணீர் புகாத சாதி... அது எரிந்துகொண்டே இருந்தது. ஓதத்தோடு நகர்ந்து வந்தது. அவர்கள் கால்களுக்கு நேர்கீழே வந்து கொஞ்சம் தயங்கியது. வின்ஸ்லோ மண்டியிட்டு விழுந்து கோடரியால் வெட்டு வெட்டென்று வெட்டினான். கீழிருந்தும் ஏதோ தட்டிய மாதிரி இருந்தது என்று அவன் சொல்கிறான். இரண்டு தடவை. பிறகு வெளிச்சம் நகர்ந்து, கடல் பக்கமாக, யாரோ அவசரமில்லாமல் நடந்து போகிற மாதிரி போய்விட்டது.

ஹூபர்ட் நின்ற இடத்திலேயே நின்றான்.

"எந்தக் கோட்டைடா அவனுக்குக் குடுத்த?" என்று கேட்டான் வின்ஸ்லோ. அழுகையில் அவன் மூக்கிலிருந்து வழிந்ததெல்லாம் மீசையில் உறைந்திருந்தது.

"ரெண்டையும்தான் குடுத்தேன். அவன் தப்பானதை எடுத்துட்டான்."

வின்ஸ்லோ அவனைப் பார்த்தான். மறுபடி கேட்கவில்லை.

ஊரும் கேட்கவில்லை. வெளியூர்ப் பையன், பாவம், இரண்டு கோட்டில் எது என்று தெரியாமல் போனான் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. தேடுகிறவர்கள் ஒரு வாரம் தேடிவிட்டுப் போனார்கள். ட்ரிஃபீனா அண்ணன் வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். வெளியே போகச் சொன்னால் எழுந்து நின்றாள். ஹூபர்ட் குனிந்து அவளுடைய பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டான், பழையபடி. வெர்னா அதைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது என்று சொன்னாள்.

அந்த நிம்மதி ரொம்ப நாள் இல்லை.

"ஜூன்ல நான் போறேன் அண்ணே," என்றாள் ட்ரிஃபீனா ஒரு நாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "அவங்க அம்மாகிட்ட. தனியா இருக்காங்க."

"அங்க போய் நீ என்ன செய்வ? இங்க நான் இருக்கேன்ல?"

"நீ இருக்க," என்றாள்.

மார்ச்சில் ஹூபர்ட் விறகு கொண்டுவரத் தனியாகப் போனான். வழி சரியாக இருக்கிறதா என்று கருவியை வெளியே எடுத்தான்.

திரையில் அவன் அம்புக்குறி இருந்தது. அதற்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், ஒரு புள்ளி.

ஜெத்ரோ.

அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் ஒவ்வொரு முனையிலும் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பான். பின்னால் வருகிறவனின் விளக்கைக் கண்ட பிறகுதான் நகர்வான். யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. உடம்பே செய்யும். ஹூபர்ட்டின் உடம்பும் செய்தது. நிறுத்தினான். திரும்பினான். விளக்கு இல்லை. நீளமாக வெறும் பனி. அவன் வந்த தடம் மட்டும்.

திரையில் புள்ளியும் நின்றிருந்தது.

நகர்ந்தான். நகர்ந்தது.

பழைய பதிவு ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஜெத்ரோவின் பெயரைக் கூட்டத்திலிருந்து அழித்தான். போய்விட்டது. அடுத்த தடவை மறுபடி இருந்தது, முன்னைவிடக் கிட்டத்தில். வின்ஸ்லோவின் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போனான். அதிலும் இருந்தது. கருவியைச் சட்டைக்குள் போட்டு மூடிக்கொண்டு, பார்க்காமலே ஓட்டிப் பார்த்தான். அப்போது வாடை வந்தது. நனைந்த கம்பளியும் பெட்ரோலும் கலந்த வாடை... எஞ்சின் சத்தத்துக்கு அடியில், அவன் பின்னாலேயே, புதுப் பனி மெல்ல விரிசல் விடுகிற சத்தம். கிறீச்... கிறீச்... இரண்டு முழ உயரத்துக்குக் கெட்டிப்பட்ட பனியில் அந்தச் சத்தம் வரவே வராது கண்ணுகளா.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். அதோடு வண்டியைத் தொடவில்லை.

"என்னய்யா, பனியெல்லாம் சரியில்லையா? புதுப் பொண்ணு மாதிரி வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்க," என்று வெர்னா கிண்டல் செய்தாள். அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் வந்தது. பனி விடுவதற்குள் ராட்டில் கரையில் ஒரு சிலுவை நட வேண்டும். கடலில் போனவர்களுக்கு அங்கே அப்படித்தான் செய்வார்கள். சிலுவையை ட்ரிஃபீனாவே ஆணியடித்துச் செய்தாள். அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"நீதான் கூட்டிட்டுப் போகணும்."

"வின்ஸ்லோவக் கூப்பிடு."

"நீதான் அண்ணே."

அவளிடம் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. போய் வந்தால் ஒருவேளை மனசு மாறும், இங்கேயே இருந்துவிடுவாள் என்றும் நினைத்தான். அவனுக்கு அந்த நினைப்பு மட்டும் செத்ததே இல்லை.

மத்தியானம் கிளம்பினார்கள். வண்டிக்குப் பின்னால் கோமட்டிக்கைக் கட்டியிருந்தான், மரப்பெட்டி வைத்த நீளச் சறுக்கு. அதற்குள் சிலுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள், பின்பக்கம் பார்த்து. அவள் கழுத்திலும் ஒரு கருவி தொங்கியது. ஜெத்ரோ அவளுக்கு வாங்கிக் கொடுத்தது.

ஹூபர்ட் வழியெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். பின்னால் புள்ளி எதுவும் இல்லை. அவள் புள்ளி மட்டும், அவனோடு ஒட்டிக்கொண்டு. மூச்சு விட்டான்.

ராட்டில் கரைக்கு வரும்போது வானமும் பனியும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிட்டது. அந்த ஊரில் அது சாதாரணம். மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. நிழல்கூட விழாது. பாலுக்குள் நிற்கிற மாதிரி. சிலுவையை நட்டார்கள். அவள் கற்களை எடுத்து அடியில் அணைத்தாள். தண்ணீர் எங்கேயோ பனிக்கு அடியில் கலகலத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே."

"ம்."

"அன்னைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி அவர் திரையைக் காட்டினார். 'உங்க அண்ணன் எனக்கு வழி குடுத்திருக்கார் பாரு'ன்னு. அவ்ளோ சந்தோஷம். நீ ஏதோ பட்டம் குடுத்த மாதிரி." கல்லை அழுத்திக்கொண்டே பேசினாள். "ஒரு கோடுதான் இருந்துச்சு."

"ரெண்டு குடுத்தேன்."

"ஒண்ணு."

காற்றே இல்லை. அவன் மூச்சு முகத்தின் முன்னால் தொங்கியது.

"நான் சரியாப் பாக்கல. அவருக்கு சாப்பாடு கட்டிக்கிட்டிருந்தேன். பாத்திருந்தா எந்தக் கோடுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்." எழுந்து நின்றாள். "ஏன் அண்ணே?"

பொய் சொல்ல அவன் தேடினான். கிடைக்கவில்லை.

"திரும்பிடுவான்னு நெனச்சேன் ட்ரிஃபி. சத்தியமா. பயந்து திரும்பி வந்துடுவான், எல்லாரும் சிரிக்கலாம்னு..."

"சிரிச்சியா?"

அந்த நேரத்தில் அவள் கழுத்திலிருந்த கருவி டிங் என்றது.

அவள் குனிந்து பார்த்தாள். அவனும் பார்த்தான். திரை நடுவே ஒரு கட்டம்.

ஜெத்ரோ ஒரு வழி அனுப்புகிறார். ஏற்கிறீர்களா?

கையெட்டுகிற தூரத்தில் இருந்தால்தான் போகும் என்று சொன்னேன் இல்லையா... ஹூபர்ட்டின் தலைமயிர் தொப்பிக்குள் நின்றது. சுற்றிலும் பார்த்தான். வெள்ளை. வெள்ளை. நனைந்த கம்பளி வாடை மூக்கில் அறைந்தது.

"தொடாதே. ட்ரிஃபி, தொடாதே அதை..."

அவள் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். வெறும் விரலால் அழுத்தினாள். திரையில் ஒரு கோடு விரிந்தது. கரையிலிருந்து நேராக, குறுகலின் நடுவுக்கு.

நடக்கத் தொடங்கினாள்.

அவன் பின்னால் ஓடினான். ஐந்தாறு எட்டு. காலுக்கடியில் பனி லேசாகத் தொய்ந்தது. பனியில் வளர்ந்த உடம்பு கண்ணுகளா, மனசு போ என்றாலும் கால் போகாது. நின்றுவிட்டது. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். வைக்கவில்லை. அவள் முதுகு வெள்ளைக்குள் மங்கியது... கால்சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது... அப்புறம் அதுவும் இல்லை.

பின்னுக்கு நகர்ந்து கரைக்கு வந்தான். சிலுவை பக்கத்தில் நின்று கருவியை எடுத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் எப்போதும் செய்ததையே செய்தான். பார்த்துக்கொண்டு நின்றான்.

திரையில் இரண்டு புள்ளிகள். பக்கத்தில் பக்கத்தில். ராட்டிலின் நடுவுக்குப் போயின. நின்றன.

கத்தினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தொண்டை கட்டுகிறவரை கூப்பிட்டான். கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் புள்ளி அணைந்துவிடும் என்று ஒரு பயம். வெளிச்சம் போனது. முதுகில் குளிர் ஏறியது. காற்று திரும்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தான், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். இரண்டு புள்ளிகளும் நடு ராட்டிலில் மினுக் மினுக் என்று நின்றுகொண்டே இருந்தன. மின்கலம் தீர்ந்து திரை கறுக்கும்வரை.

அப்படி நின்றவனைத்தான் வின்ஸ்லோ வந்து கண்டுபிடித்தான். இருட்டியும் வரவில்லையே என்று வெர்னா அனுப்பியிருந்தாள். விளக்கடித்துப் பார்த்தபோது ஹூபர்ட் தண்ணீரைப் பார்த்தபடி, கறுத்த திரையைக் கையில் ஏந்தி, கட்டை மாதிரி நின்றிருந்தான். அவனை வண்டியில் ஏற்றிப் போர்வை சுற்றிவிட்டு, வின்ஸ்லோ விளக்கைத் தரையில் அடித்துத் தடம் பார்த்தான். பார்த்ததை ஹூபர்ட்டிடம் அவன் இன்றுவரை சொல்லவில்லை. வெர்னாவிடம் மட்டும் சொன்னான்.

ட்ரிஃபீனாவின் பூட்ஸ் தடம் கரையிலிருந்து போயிருந்தது. ஹூபர்ட்டின் ஐந்தாறு எட்டுக்கு அப்பால் அவள் மட்டும். உடைந்த விளிம்புவரை.

விளிம்பிலிருந்து திரும்பியும் தடம் வந்திருந்தது. இரண்டு ஜோடி. ஒன்று அவளுடையது. இன்னொன்று பெரிய கால். ஒவ்வொரு தடத்துக்குள்ளும் தண்ணீர் தேங்கி, கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. இரண்டும் சேர்ந்தே நடந்து, கரையேறி, சிலுவையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தன. ஹூபர்ட் நின்ற இடத்துக்கு நேர்பின்னால் வந்து நின்றிருந்தன. அவன் குதிகாலோடு அவற்றின் விரல்நுனி ஒட்டும் அளவுக்கு.

அங்கிருந்து வேறெங்கும் போன தடம் இல்லை.

ஹூபர்ட் பிழைத்துவிட்டான். குளிரில் விறைத்து விரல் இரண்டு போனது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் திரையில் எந்தப் புள்ளியும் பின்னால் வந்ததில்லை. எல்லாவற்றையும் வெர்னாவிடம் ஒப்புக்கொண்டான். அழுதான். அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டும் அவனோடுதான் இருந்தாள். சமைத்துப் போட்டாள், துணி துவைத்தாள். கட்டினவனாயிற்றே, எங்கே விடுவது என்றாள் என்னிடம்.

ஆனால் அந்தக் கோடையில், ஜூன் கப்பலில், ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரொம்ப நாள் நானும் கேட்கவில்லை. ஒரு நாள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தோம். கேட்டுவிட்டேன். தெரிஞ்சப்பகூட நீ விடலையே வெர்னா, அப்புறம் எதுக்குத்தான் வந்தே?

அவள் கத்தியை நிறுத்தவில்லை. தோல் நீளமாகச் சுருண்டு விழுந்தது.

"ராத்திரி அவர் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவார்," என்றாள். "அவர் முதுகுக்குப் பின்னால மெத்தையெல்லாம் ஈரம். உப்பு வாடை." அடுத்த கிழங்கை எடுத்தாள். "கட்டில்ல எனக்கு எடமில்ல."